காசநோய்க் கணக்கில் கீழே இருக்கும் எண்

காசநோய் கண்டுபிடிப்பு விகிதம் இத்தனை சதவீதம் என்று செய்தி வந்தால் அதைப் பரீட்சை மார்க் மாதிரி படித்துவிடுகிறோம்: ஏறினால் சபாஷ், இறங்கினால் சொதப்பல். உண்மையில் அது ஒரு பின்னம். மேலே, அந்த வருடம் பதிவான நோயாளிகள். இவர்களை எண்ணிவிடலாம். கீழே, அந்த வருடம் நாட்டில் புதிதாக நோய் வந்திருக்கக்கூடியவர்கள். இவர்களை மதிப்பிடத்தான் முடியும், வம்பே இந்தக் கீழ் எண்ணில்தான்.

இந்தியாவையே பாருங்கள். 1997-ல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2006-ல் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அப்போதைய உலக இலக்கு 70 சதவீதம், 2007 வாக்கில் அதைத் தொட்டாயிற்று என்றார்கள். ஆனால் அது சளியில் கிருமி தெரிந்த புது நோயாளிகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. தனியார் டாக்டரிடம் போய் மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தனியாரும் தகவல் தந்தாக வேண்டும் என்ற உத்தரவே 2012 மே மாதம்தான் வந்தது. நிக்ஷய் என்ற இணையப் பதிவேடும் அந்த வருடம்தான்.

அப்புறம் 2016. தனியார் சந்தையில் விற்ற காசநோய் மருந்தின் அளவு, குஜராத்தில் நடந்த கணக்கெடுப்பு என்று புதுத் தரவுகளைப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், இந்தியாவுக்கான மதிப்பீட்டை 22 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கு ஏற்றியது. பேச்சுக்கு 16 லட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 22-ஆல் வகுத்தால் 73 சதவீதம், 28-ஆல் வகுத்தால் 57. களத்தில் எதுவும் மாறவில்லை, கீழ் எண் மட்டும் மாறியது.

சரி, மேல் எண் மட்டும் ஒழுங்கா? மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் படவேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று இருக்க வேண்டும். கிருமியின் டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்கிக் காட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்குச் சுமார் 130 போதும், அதுவும் இரண்டு மணி நேரத்தில், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா அடங்காதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் ஆள் வந்தால்தானே? 2019-21 தேசியக் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடிப் போகவே இல்லை. அதே ஆய்வில் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேர் கண்டுபிடிக்கப்படாமலே போயிருப்பார்கள். எனக்கு மற்ற எல்லா எண்களையும்விட இதுதான் உறுத்துகிறது.

பதிவு 2019-ல் 24 லட்சம், 2020-ல் 18 லட்சம். நோய் குறையவில்லை, ஊரடங்கில் பரிசோதனை குறைந்தது. 2023-ல் 25 லட்சத்தைத் தாண்டியது, மதிப்பீடு 28 லட்சம் அளவில் இருக்க, விகிதம் 90-ஐ ஒட்டி வந்துவிட்டது.

2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் இயக்கத்தில், இருமலே இல்லாதவர்களுக்கும் கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவியால் படம் எடுத்தார்கள். இப்படித் தேடிப் போனால் மேல் எண் ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்து காசநோய் பெருகிவிட்டது என்று ஒரு தலைப்புச் செய்தியும் வரும்.