ஐந்து கிராம் கோடு

"குளிர்பானத்துக்கு வரி போட்டால் குழந்தைகளின் எடை குறைந்துவிடுமா? விலை ஏறினாலும் வாங்குகிறவர்கள் வாங்கத்தானே செய்வார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் நன்றாக யோசித்துப் போட்ட சர்க்கரை வரி, பாட்டில் கடைக்கு வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

முதலில் பின்னணி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். இதற்குக் காரணங்கள் பல. அதில் குளிர்பானத்தை மட்டும் அரசுகள் குறிவைப்பது ஏன்? 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லி கேனில் மொத்தம் 35 கிராம் இருக்கிறது. நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் சர்க்கரை உச்சவரம்பே 40 கிராம்தான். போதாததற்கு, குடித்த கலோரியை உடல் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு அந்த அளவுக்குக் குறைவதில்லை.

சரி, வரிக்கு வருவோம். மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் மக்கள் அவற்றை வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. பலன் உண்டு. ஆனால் பானத்தில் 6 கிராம் இருந்தாலும் 12 கிராம் இருந்தாலும் அதே 1 பெசோ என்னும்போது, சர்க்கரையைக் குறைக்க நிறுவனத்துக்கு என்ன அவசரம்?

பிரிட்டன் வேறு மாதிரி யோசித்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. 5-இலிருந்து 8-க்குள் என்றால், வரி தொடங்கியபோது லிட்டருக்கு 18 பென்ஸ். 8-உம் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். 2016 மார்ச்சில் அறிவித்துவிட்டு 2018 ஏப்ரலில்தான் வசூலிக்க ஆரம்பித்தார்கள். செய்முறையை மாற்றிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம்.

இனி அன்றைய தயாரிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பானத்தில் 100 மில்லிக்கு 9 கிராம் இருக்கிறது. 8.5 ஆக்கினால் ஒரு பென்ஸ்கூட மிச்சமில்லை. 7.9-க்கு வந்தால் லிட்டருக்கு 6 பென்ஸ் மிச்சம். அங்கிருந்து 5.1 வரைக்கும் எவ்வளவு குறைத்தாலும் வரி அப்படியேதான் நிற்கும். இன்னும் கொஞ்சம், 4.9-ஐத் தொட்டால், மீதி 18 பென்ஸும் ஒரேயடியாகக் காணாமல் போய்விடும்! 5.1-க்கும் 4.9-க்கும் லிட்டருக்கு 2 கிராம்தான் வித்தியாசம். நாக்குக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் கோடிக்கணக்கான லிட்டர் விற்கும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் பானங்கள் வரிசையாக அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கின. வரிக்கு உட்படக்கூடிய பானங்களில் 2015-இல் ஏறக்குறைய பாதி 5 கிராமுக்கு மேல் இருந்தன. 2019 தொடக்கத்தில் 15 சதவீதம்தான். முதல் ஆண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்று முதலில் மதிப்பிட்டிருந்தார்கள், வந்ததோ சுமார் 24 கோடி. வருமானம் குறையக் குறைய வரி ஜெயிக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்தக் குழந்தையிடமும் யாரும் கெஞ்சவில்லை, எந்தத் தாயையும் குற்றம் சொல்லவில்லை. அதே பாட்டில், உள்ளே சர்க்கரை மட்டும் குறைந்திருக்கிறது.

எடை குறைந்ததா? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 10, 11 வயதுச் சிறுமிகளிடையே உடல் பருமன் 8 சதவீதம் குறைவாக இருந்தது. சிறுவர்களிடம் அப்படி எந்தக் குறைவும் தென்படவில்லை. இப்படி வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் பொதுப் பணம் தாராளமாகத் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1967-இல் சர்க்கரைத் துறை பணம் கொடுத்து எழுதவைத்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, இதய நோய்க்கான பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் தள்ளிவிட்டது. பணம் கைமாறிய விஷயம் 2016-இல்தான் அம்பலமானது. கொழுகொழுவென்று இருப்பதுதான் குழந்தைக்கு ஆரோக்கியம் என்ற நம்பிக்கையை மாற்றுவதே பெரும் பாடு. அதன்மேல் விலைக்கு வாங்கிய அறிவியலும் சேர்ந்தால் யார் தாங்குவது?

பிரிட்டனின் இந்தப் படிக்கட்டு வரியிலும் ஒரு குறை உண்டு. 4.9-இல் நின்றுவிட்ட பானத்துக்கு மேற்கொண்டு இறங்கக் காரணமே இல்லை. அதனால்தான் 2028 ஜனவரியிலிருந்து கோட்டை 4.5 கிராமுக்கு இறக்கப்போவதாக பிரிட்டன் அறிவித்திருக்கிறது. 2018-இலேயே தென்னாப்பிரிக்கா கொண்டுவந்த வரி, 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் தனித்தனியாக விழுகிறது. அங்கே 7.9-இலிருந்து 5.1-க்கு வருகிறவருக்கும் வழியெல்லாம் லாபம். இனி புதிதாக வரி போடும் நாடுகள் படிக்கட்டுக்குப் பதில் இந்தச் சரிவையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.