எடிற்றரை மாற்றினால் புரோகிராம் ஓடாது

"விசுவல் ஸ்ரூடியோ கோட் போட்டாச்சு அண்ணை, சி புரோகிராம் ஓடுதில்லை. ஃபோர்மட் பண்ணித் தாங்கோ." மல்லாவியிலிருந்து லப்டொப்புடன் வரும் தம்பியும் இதைத்தான் சொல்கிறார், விசுவமடுவிலிருந்து வரும் தங்கச்சியும் இதைத்தான் சொல்கிறார். ஃபோர்மட் தேவையே இல்லை. விசுவல் ஸ்ரூடியோ கோட் வெறும் எடிற்றர். அந்த லப்டொப்பில் சி கம்பைலர், அதாவது எழுதியதை மெஷின் இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், இல்லை, அவ்வளவுதான்.

எடிற்றர் என்பது கொப்பி. கொப்பியில் கணக்கை எழுதலாம், கணக்கைச் செய்வது கொப்பி அல்ல. எடிற்றர் நிறம் காட்டும், அடைப்புக்குறியை மூடிவிடும், பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். எழுதியதை இயக்குவது வேறு மென்பொருள்: சி என்றால் ஜிசிசி, ஜாவா என்றால் ஜேடிகே, பைதன் என்றால் பைதனேதான். அதை நிறுவாமல் எடிற்றரைப் பத்துத் தரம் அழித்துப் போட்டும் பயனில்லை. நோட்பாட் பிளஸ் பிளஸ், சப்ளைம் என்று வேறு எடிற்றர்களை மாறி மாறிப் போட்டும் பயனில்லை.

சந்தேகமிருந்தால் கமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து, ஜிசிசி (gcc) அல்லது பைதன் (python) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். அப்படியொரு கட்டளை இல்லை என்று வந்தால் குறை எடிற்றரில் இல்லை. பைதன் என்று அடித்ததும் மைக்ரோசொஃப்ட் ஸ்ரோர் திறக்கிறதா? ஒன்றில் பைதன் நிறுவப்படவில்லை, அல்லது இன்ஸ்டோலரின் முதல் பக்க அடியில் 'பாத்' (PATH) என்று இருக்கும் கட்டத்தில் டிக் போடவில்லை. அந்தக் கட்டம் தானாக டிக் ஆகி வராது. சி படிப்பவர்கள் கோட்பிளொக்ஸ் என்ற மென்பொருளில் எழுதுவதென்றால், பெயரில் மிங்டபிள்யூ (mingw) என்று உள்ள கோப்பையே இறக்குங்கள். அதற்குள் கம்பைலரும் சேர்ந்து வருகிறது, மற்றதில் வராது.

இன்னொரு குழப்பம் பெயரில். விசுவல் ஸ்ரூடியோவும் விசுவல் ஸ்ரூடியோ கோடும் ஒன்றல்ல. முன்னது பல ஜிபி பிடிக்கும் முழுப் பட்டறை. 2015இல் வந்த பின்னது 200 எம்பிக்குள் இறங்கிவிடும் எடிற்றர். பெயரைப் பாதி வாசித்து, ஒரு மாத டேட்டாவை ஒரே இரவில் தீர்க்காதீர்கள்.

எது நல்லது என்று கேட்குமுன் லப்டொப்பின் ராமைப் பாருங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், அதில் மெமரி. 4 ஜிபி என்றால் விண்டோஸ் 10 கிட்டத்தட்டப் பாதியை எடுத்துவிடும், மிச்சத்தைக் குரோம் தின்னும். விசுவல் ஸ்ரூடியோ கோடும் உள்ளே ஒரு குரோமியம்தான், அதாவது குரோமின் அதே அடித்தளம். அதில் எக்ஸ்டென்ஷன் எனும் துணை மென்பொருள் இருபதை ஏற்றிவிட்டு மெஷின் இழுக்கிறது என்று சொல்லக்கூடாது. படிக்கும் மொழிக்கு ஒன்று போதும். பழைய மெஷினுக்கு ஜீனி (Geany) என்ற எடிற்றர் அல்லது நோட்பாட் பிளஸ் பிளஸ் தாராளம். உயர்தரத்துக்குப் பைதன் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது தொனி (Thonny) என்ற எடிற்றர். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் ஆரம்பநிலை மாணவருக்கென்று உருவானது. பைதனும் கூடவே வருகிறது, ஒவ்வொரு வரியிலும் மாறியின் பெறுமானம் எப்படி மாறுகிறது என்று கண்ணால் காட்டும். பாடசாலை ஆய்வுகூடங்களில் ஆசிரியர்கள் இதைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தயவுசெய்து யோசியுங்கள்.

கிராக், அதாவது காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்த மென்பொருள், வேண்டாம். சப்ளைமைக் கிராக் செய்து, அன்ரிவைரஸை நிறுத்திவிட்டுப் போடு என்ற குறிப்புடன் பென்ட்ரைவில் கைமாற்றுகிறார்கள். சப்ளைமைச் சோதித்துப் பார்க்கக் காலவரையறையே கிடையாது, இடைக்கிடை வாங்கச் சொல்லி ஒரு பெட்டி மட்டும் வரும். அன்ரிவைரஸை நிறுத்தச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். கூட்டாளியின் புரொஜெக்ட் ஃபோல்டரைத் திறக்கும்போது, எழுதியவரை நம்புகிறீர்களா என்று விசுவல் ஸ்ரூடியோ கோட் கேட்பதும் விளையாட்டல்ல. அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் கட்டளைகள் உங்கள் மெஷினில் ஓட அது அனுமதி. கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லாதீர்கள்.

தமிழில் செய்தி காட்டும் புரோகிராம் எழுதுவோர் கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். அன்சி (ANSI) என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும், மீட்க வழியில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை ஒட்டினாலோ ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் அழுவது இதற்கு. நோட்பாட் பிளஸ் பிளஸில் 'நியூ 1', 'நியூ 2' என்று தாவல்கள் திறந்தபடி கிடக்கும். மூடித் திறந்தாலும் எழுதியது அப்படியே வருவதால் சேமித்துவிட்டோம் என்று நம்புகிறார்கள். அது எடிற்றர் தன் ஃபோல்டரில் வைத்திருக்கும் தற்காலிகப் பிரதி மட்டுமே. விண்டோஸை ஃபோர்மட் பண்ணினால் அதுவும் போய்விடும், டொக்கியுமென்ஸைக் கொப்பி எடுத்து வைத்தாலும் அதில் இது வராது. லப்டொப்பைத் திருத்தக் கொடுக்க முதல் ஒவ்வொரு தாவலையும் பெயர் வைத்துச் சேமித்து, அந்த ஃபோல்டரைப் பென்ட்ரைவில் எடுத்து வையுங்கள். பற்றரி செத்த லப்டொப்பை நேரே பிளக்கில் ஓட்டுபவர்கள், விசுவல் ஸ்ரூடியோ கோடின் ஃபைல் மெனுவில் ஓட்டோ சேவ் என்பதை இன்றைக்கே டிக் போடுங்கள். போட்டால்தான் அது வேலை செய்யும்.