நிலையமும் நிலையம் சார்ந்த இடமும்

போன மாதம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவர் கால் மணி நேரத்துக்குள் 'போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி' என்று ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து, "எங்க தெருவுல இப்பவே வண்டி நிறுத்த இடமில்ல. இன்னும் போக்குவரத்தை வளர்க்கப் போறீங்களா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காதில் விழுந்த தமிழை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

அந்தத் தொடரின் ஆங்கில மூலம் 'டிரான்சிட் ஓரியன்டட் டெவலப்மென்ட்', சுருக்கமாக டி.ஓ.டி. அமெரிக்க நகரமைப்பாளர் பீட்டர் கால்தார்ப் 1990களில் பரப்பிய தொடர். ரயில் அல்லது பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்துக்குள் வீடு, கடை, அலுவலகம் எல்லாம் நெருக்கமாக அமையும்படி நிலத்தைத் திட்டமிடுவது. இந்திய அரசின் 2017 கொள்கையில் அந்தத் தூரம் 500 முதல் 800 மீட்டர். டிரான்சிட்டுக்கு லத்தீன் வேர், 'கடந்து போதல்'. வேர்க்கதை இவ்வளவுதான்.

நம் 'போக்குவரத்து' நல்ல சொல். போவதும் வருவதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அதன் தலையில் மூன்று சுமை. போக்குவரத்துக் காவலர் என்றால் டிராஃபிக், போக்குவரத்துக் கழகம் என்றால் டிரான்ஸ்போர்ட், இப்போது டிரான்சிட்டும். ஆறுவழிச் சாலை போட்டு, இருபுறமும் கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, எல்லோரையும் காரில் வரவைப்பதும் போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிதானே? டி.ஓ.டி. சொல்வது அதற்கு நேர் எதிர்.

'வளர்ச்சி' அதைவிட மோசம். 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் டெவலப்மென்ட் என்பது கட்டடம் கட்டுவது, நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவது போன்ற வேலைகள். ஊர் செழிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இத்தனைக்கும் சட்டத்தின் பெயரிலேயே 'ஊரமைப்பு' என்ற அருமையான சொல் உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அட்டையைக்கூடப் பார்ப்பதில்லை போல.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'கடவுசார் மேம்பாடு' என்கிறார். கடவு என்றதும் எனக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் உருப்படியானது 'சார்ந்த' மட்டும்தான். 'பணி சார்ந்த', 'உணர்வு சார்ந்த' என்று எதற்கெடுத்தாலும் ஒட்டி அதைத் தேய்த்துவிட்டோம். ஆனால் பள்ளியில் நெய்தலுக்கு என்ன படித்தோம்? கடலும் கடல் சார்ந்த இடமும். அங்கே அது நிலத்தைச் சொல்கிற சொல். கடலை ஒட்டி, கடலால் பிழைக்கிற நிலம். டி.ஓ.டி.க்கு வேண்டியதும் அதுவேதான்: நிலையம் சார்ந்த நகரமைப்பு.

சென்னையில் மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கினால் கடைகள் நெருங்கிய ரங்கநாதன் தெரு. பிளாஸ்டிக் வாளியும் பாத்திரமும் ஜவுளியும் வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, அப்படியே திரும்பி ரயிலேறலாம். யாரும் டி.ஓ.டி. என்று பெயர் வைத்துக் கட்டியதில்லை. மறுபக்கம், அதே ஊரில் தூண்கள்மேல் ஓடும் பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரை, 2007இல் வேளச்சேரி வரை. அண்ணாந்து பார்க்க வைக்கும் கான்கிரீட் நிலையங்கள். உள்ளே தளம் தளமாக ஆளில்லாத கூடங்கள். போக்குவரத்து வந்தது. சார்ந்த இடத்தை யாரும் யோசிக்கவில்லை.

'நிலையம் சார்ந்த' என்பதற்கு ஒரு ஆட்சேபம் நியாயமானது. பிரேசிலின் குரிச்சிபா நகரில் பஸ் தடத்தின் நெடுகிலும் உயரமான கட்டடங்களை அனுமதித்தார்கள். அங்கே நெருக்கம் ஒரு நிலையத்தைச் சுற்றி நிற்காமல் தடத்தோடு நீண்டு போகிறது. அந்த மாதிரி இடத்துக்கு 'தடம் சார்ந்த நகரமைப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவரிடம் வெளியே டீக்கடையில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். "ஸ்டேஷன் பக்கத்துல வீடு. அதானே?" என்றார்.