ஆறிப்போன காயத்தையும் சொல்லுங்கள்

வயல் செய்கிற ஐயா ஒருவர். சாப்பிட்டால் இடப்பக்க நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வந்தார். எக்ஸ்ரேயில் இடது சுவாசப்பைக்கு அடியில் உருண்டையாக ஒரு நிழல். புற்றுநோய்தான் என்று வீட்டில் அழுதே முடித்திருந்தார்கள்.

நிழல் எதனால் ஆனது என்பதை எக்ஸ்ரே பெரிதாகச் சொல்லாது. சி.டி. ஸ்கான் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்பீல்ட் அளவில் ஓர் எண் தரும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு சய 1000 (அதாவது மைனஸ் 1000). கொழுப்பு ஏறக்குறைய சய 50க்கும் சய 120க்கும் இடையில் நிற்கும். ஐயாவின் நிழலில் சய 100. இதில் அவசரப்படக் கூடாது. ஓரத்தில் அளந்தால் பக்கத்துக் காற்றும் கலந்து, கொழுப்பில்லாத கட்டிகூடக் கொழுப்புப் போலக் காட்டும். மெல்லிய வெட்டுகளில், நடுவில் அளந்தேன். கொழுப்பேதான்.

சுவாசப்பைக்குள் சிறு உருண்டையில் கொழுப்பிருந்தால் பெரும்பாலும் ஹமார்டோமா என்ற கட்டி, தீங்கில்லாதது. நெஞ்சின் முன்நடுவில் கொழுப்போடு பல்லோ சுண்ணாம்போ தெரிந்தால் டெரட்டோமா என்ற கட்டி. லிப்போசார்கோமா என்ற புற்றுநோயிலும் கொழுப்பு உண்டு. குழந்தையின் மூக்கில் விட்ட எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினாலும் இதே எண் வரலாம். அம்மம்மாமாரே, அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஐயாவின் படத்தை நெடுக்குவாட்டில் பார்த்தேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டில் ஒரு கிழிவு. அதன்வழியே வயிற்றுக் கொழுப்பு இரத்தக் குழாய்களோடு மேலே ஏறியிருந்தது.

"விலாவில எப்பவாவது காயம் பட்டதோ ஐயா?"

"2009இல மாத்தளனில ஒரு சின்ன ஷெல் பீஸ். அது அப்பவே ஆறீட்டுது."

கிளினிக் கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தோல் ஆறிவிடும். பிரிமென்றகட்டுக் கிழிவு தானாக மூடுவது அரிது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் வயிற்றில் உள்ளது மேலே இழுபடும். இன்று கொழுப்பு, நாளை இரைப்பையோ குடலோ போய் நெரிபடலாம். கட்டியென்று நினைத்து ஊசி குத்தினால் அதுவும் ஆபத்து. ஐயாவைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினோம்.

போரின் அந்த நாட்களைத் திரும்பச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். முழுக்கதையும் வேண்டாம். எங்கே பட்டது, பீஸ் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது போதும். எம்.ஆர்.ஐ.க்குப் போனால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பழைய காயம் உள்ளவருக்குத் திடீர் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், வாயு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போய், தழும்பைக் காட்டுங்கள்.