பச்சாதாபம்: சுடுவது யார் மனம்?

"பிறரிடம் பச்சாதாபம் காட்டுங்கள்" என்று பயிற்சிக் கையேடுகளில் எழுதுகிறார்கள். எழுதுபவர் நினைப்பது ஆங்கிலத்தின் எம்பதியை (empathy), அதாவது பிறர் உணர்வை அவர் இடத்தில் நின்று உணர்வதை. படிப்பவர் காதில் விழுவதோ "ஐயோ பாவம்". வேரைத் தேடிப்போனால் இரண்டுமே அங்கே இல்லை.

வடமொழியில் 'பஸ்சாத்' என்றால் பின்னால், பிறகு. 'தாபம்' என்றால் வெப்பம், எரிச்சல். ஒன்றைச் செய்துவிட்டுப் பிறகு உள்ளே எரிவதுதான் பச்சாத்தாபம். நடுவிலுள்ள 'த்' மூலத்தில் உண்டு. இன்று அதை விட்டுவிட்டே பெரும்பாலும் எழுதுகிறோம். ஆக, சொல்லின் முதற்பொருள் தன் தவற்றை எண்ணி நோவது. அடுத்தவர் அதில் வரவே இல்லை.

தாபக் குடும்பம் முழுக்க இப்படித்தான் இடம் மாறியிருக்கிறது. அனுதாபத்துக்கும் வடமொழியில் 'செய்தபின் வருந்துதல்' என்றே பொருள். தமிழில் அது பிறர் துயரில் பங்குகொள்வதாகி, கட்சி அனுதாபி வரை வந்துவிட்டது. பரிதாபம் மூலத்தில் கடும் வெப்பம், வேதனை. தமிழில் பார்ப்பவரும் பரிதாபப்படுகிறார், பார்க்கப்படுபவரும் பரிதாபமாக நிற்கிறார். மனஸ்தாபம் இன்னும் வேடிக்கை. கத்தோலிக்கரின் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' பாவத்துக்கு வருந்தும் செபம். தெருப்பேச்சில் மனஸ்தாபம் என்றால் இருவருக்குள் பேச்சு நின்றுபோனது. இதற்கு 'மனத்தாங்கல்' என்ற நல்ல சொல் இருக்கிறது.

ஏன் மாறின? தமிழின் 'இரங்கு' முன்பே இரு பக்கமும் பார்த்த சொல் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். "எற்றென்று இரங்குவ செய்யற்க" என்கிறது குறள் 655. 'என்ன செய்துவிட்டேன்' என்று பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே என்பது பொருள். இங்கே இரங்குதல் தனக்காக. "ஏழைக்கு இரங்கினான்" என்பதில் பிறருக்காக. பழகிய தடத்தில் வந்த சொற்களும் நடந்தன என்றே தோன்றுகிறது.

மாற்றுச் சொல் போடும்போது முதலில் வாக்கியத்தைப் பாருங்கள். "செய்ததை எண்ணிப் பச்சாதாபப்பட்டான்" என்று வந்தால் அது கழிவிரக்கம். வினையாக்கினால் 'நொந்துகொண்டான்', 'மனம் வருந்தினான்'. "அவள்மீது பச்சாதாபப்பட்டான்" என்றால் 'அவளுக்கு இரங்கினான்'. 'மீது' போய் 'கு' வருவதைக் கவனியுங்கள்; "அவள்மேல் இரங்கினான்" அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தன்னைத் தானே பாவம் என்று நினைப்பவருக்குத் தன்னிரக்கம். இதையும் கழிவிரக்கம் என்று எழுதுகிறார்கள். பிரித்து வைத்தால் தெளிவு.

பரிவு வேறு. அதில் அன்பும் சார்பும் சேர்ந்திருக்கும். "அவனுக்குப் பரிந்து பேசினாள்" என்றால் அவன் பக்கம் நின்றாள் என்று பொருள். நடுவராக இருப்பவரிடம் பரிவை எதிர்பார்த்து எழுதும்முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எம்பதி இவற்றில் எதுவும் அல்ல. கலையை ரசிக்கும் மனநிலையை விளக்க ராபர்ட் விஷர் 1873இல் பயன்படுத்திய 'உள்ளே புகுந்து உணர்தல்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு, 1909இல் உளவியலாளர் டிட்சனர் கிரேக்க வேர்களைக் கொண்டு செய்த ஆங்கில வடிவம் அது. தமிழில் 'ஒத்துணர்வு' பொருந்தும். "பிறிதின்நோய் தந்நோய்போல்" என்று குறள் 315 சொல்வதற்கும் அதுவே நெருக்கம். 58ஆம் அதிகாரத்தின் 'கண்ணோட்டம்' இன்னும் அழகான சொல்தான், ஆனால் அது பார்வைக் கோணம் என்ற பொருளுக்குக் குடிபோய்விட்டது. இனி திரும்ப இழுக்க முடியாது.

நோயாளியிடம் பேசுபவருக்கான குறிப்பில் ஒத்துணர்வுக்குப் பதில் பச்சாதாபம் என்று போட்டால், அவர் வலியைக் கேட்டுப் புரிந்துகொள்வதை விட்டுவிட்டு உச்சுக்கொட்டத் தொடங்குவார். ஒத்துணர்விலும் ஒரு குறை உண்டு: பெயராக நன்றாக நிற்கும், வினையாக்கினால் தடுக்கும். "அவளை ஒத்துணர்ந்தான்" என்று யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தில் "அவள் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான்" என்று விரித்தே எழுதுங்கள்.