கரையில் கூட்டம் இருக்கிறது, அதனால் என்ன?

ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. சீசன் முடிந்ததும் "இந்த வருஷம் எத்தனை கூடு?" என்றுதான் முதலில் கேட்போம். கூடு அதிகமென்றால் ஆமைகளுக்கு நல்ல காலம், அவ்வளவுதான் கணக்கு. சென்னைக் கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டைகளை ராத்திரி ராத்திரியாக எடுத்துவந்து புதைத்த ஆரம்ப வருஷங்களில் நான் மணலுக்குள் ஒரு தெர்மாமீட்டரைக்கூட வைத்துப் பார்த்ததில்லை.

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குப் புரியவைத்தது ரெய்ன் தீவு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடகோடியில், கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கிடக்கிற சின்னத் தீவு. பொதுமக்கள் இறங்கவே கூடாது. நானும் போனதில்லை, படித்ததும் பார்த்ததும்தான். உலகத்திலேயே பேராமைகள் (பச்சை ஆமை என்றும் சொல்வார்கள்) அதிகமாக முட்டையிட வரும் இடம் அது. 2019 டிசம்பரில் ட்ரோன் படங்களை வைத்து எண்ணியபோது தீவைச் சுற்றி 64,000 ஆமைகள் வரை இருந்ததாகக் கணக்கிட்டார்கள். நீலக் கடல் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆமைகள் நீந்தும் அந்த வீடியோவை "இயற்கை மீண்டுவிட்டது" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

மீளவில்லை. பேராமை முதல் முட்டை இடுவதற்கே முப்பது வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த வீடியோவில் இருக்கும் தாய்கள் பெரும்பாலும் 1980களிலோ அதற்கு முன்போ பொரிந்தவை. அப்போது கரை எப்படி இருந்தது என்பதற்குத்தான் அவை சாட்சி. இப்போது எப்படி என்று தெரிய வேண்டுமானால் கூட்டைத் தோண்ட வேண்டும். தோண்டிப் பார்த்தால் பொரியாத முட்டைகள் ஏராளம். ஆமை முட்டை ஓடு வழியாக மூச்சுவிடும். பெரிய ஓதத்தில் கடல்நீர் கரைமேல் ஏற வேண்டும் என்றுகூட இல்லை, மணலுக்கு அடியிலிருந்தே ஊறி மேலே வந்து கூட்டை மூழ்கடித்துவிடும், உள்ளே கரு மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

இதற்கு வழி கண்டார்கள். குவீன்ஸ்லாந்து அரசும், தீவின் பாரம்பரிய உரிமையாளர்களான வுத்தாத்தி, மெரியம் மக்களும் சேர்ந்து, இயந்திரங்களைக் கடல்வழியே கொண்டுபோய்க் கரை மணலை மேடாக்கினார்கள். பாறை விளிம்பிலிருந்து விழுந்து மல்லாந்து வெயிலில் சாகிற தாய் ஆமைகளுக்காக வேலியும் போட்டார்கள். (செலவில் பங்கெடுத்தவர்களில் பிஎச்பி சுரங்க நிறுவனமும் உண்டு. பூமியைச் சூடாக்குகிற நிலக்கரியை விற்கிற நிறுவனம். சரி, பணம் நல்ல காரியத்துக்குத்தான் போனது, ஆனால் எனக்குச் சிரிப்பு வராமல் இல்லை.)

தண்ணீரை மணல் கொட்டித் தடுக்கலாம், சூட்டை என்ன செய்வது? முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. கிட்டத்தட்ட 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண், கீழே ஆண். 2018இல் வெளியான ஆய்வில், கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதம் பெண். குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் கரையில் நின்று எண்ணுகிற யாருக்கும் இது கண்ணில் படாது.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அதே குவீன்ஸ்லாந்தின் வடக்கே, டாரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்ற மணல் திட்டு. அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு எலி இனம், உப்புநீர் ஏறி ஏறிச் செடிகொடிகள் அழிந்ததில் இருக்க இடமில்லாமல் போனது. பிடித்து வளர்த்தாவது காப்பாற்றலாம் என்று 2014இல் போய்த் தேடினார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2019இல் ஆஸ்திரேலிய அரசு அது அற்றுப்போனதாக அறிவித்தது.

நம் கரைக்கும் அதே 29 டிகிரிக் கணக்குதான், ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். மார்ச், ஏப்ரல் கூடுகளுக்கு இப்போது நான் கீற்று நிழல் போடுகிறேன். அளந்து பார்க்காமல் போட்டால் எல்லாம் ஆணாகப் பொரிந்து தொலைக்கும், அதுவும் வேண்டாம். குஞ்சு வளரும் நாட்களில் நடு மூன்றில் ஒரு பங்குதான் முக்கியம், அப்போதுதான் பாலினம் முடிவாகிறது. பொரிப்பகம் நடத்துகிற நண்பர்கள் ஒரு டேட்டா லாக்கர் வாங்குங்கள், வெப்பத்தை விடாமல் அளந்து பதிவு செய்துவைக்கிற சின்னக் கருவி அது. அதை முட்டை கிடக்கிற ஆழத்தில், கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஆழத்தில் வையுங்கள். மேல் மணலில் குத்தி வைத்தால் அது வெயிலை மட்டும்தான் அளக்கும்.