பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று அச்சடிக்கும் முன்

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் பெண்கள் குழு ஒன்று சென்ற பருவத்தில் இரண்டாயிரம் உறைகளை அச்சடித்தது. மேலே பச்சை இலைப் படம், கீழே ‘100 சதவீதம் ஆர்கானிக்’. பதநீரில் சர்க்கரை கலக்காமல் காய்ச்சிய கருப்பட்டி. பொருளில் ஒரு குறையும் இல்லை. மதுரையில் ஒரு கடைக்கு முதல் சரக்கு போனது. அங்கே சோதனைக்கு வந்த அலுவலர், ‘ஆர்கானிக்’ என்பதற்கான அங்ககச் சான்று எங்கே என்று கேட்டார். குழுத் தலைவி கொடுத்தனுப்பியிருந்ததோ உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, அந்த 14 இலக்க எண். சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. மிச்சமிருந்த உறைகளில் அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் துண்டுகளை ஒட்டியபடி அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பசை காய்ந்த பிறகும் எழுத்து நிழலாகத் தெரிந்தது.

பதிவு எண் வேறு, அங்ககச் சான்று வேறு என்று பதிவு செய்து கொடுத்த கணினி மையத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 14 இலக்க எண், நீங்கள் உணவுத் தொழில் செய்கிறீர்கள் என்பதை அரசிடம் தெரிவித்ததற்கான அடையாளம். விளைந்த விதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ‘ஆர்கானிக்’, ‘அங்கக’ என்ற சொற்களுக்கு 2017ஆம் ஆண்டின் அங்கக உணவு ஒழுங்குமுறை தனியாக இருக்கிறது. சான்று பெற இரண்டு வழிகள். ஒன்று தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. தமிழகத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்தச் சான்றைத் தருகிறது. மற்றொன்று பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும்.

சிறியவர்களுக்கு விலக்கு உண்டே என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, விளைவித்தவரே சாப்பிடுகிறவர் கையில் நேரடியாக விற்றால் சான்று இல்லாமலே அங்ககப் பொருள் என்று சொல்லலாம். அங்கக உணவுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’தை மட்டும் போடக் கூடாது. ஆனால் இந்த ‘நேரடியாக’ என்ற சொல்லில்தான் ஆட்கள் விழுகிறார்கள். உழவர் சந்தையில் நீங்களே உட்கார்ந்து விற்றால் விலக்கு. அதே பொட்டலத்தை ராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தால் விலக்கு போய்விடும். அந்தப் பெண்கள் குழு மதுரைக்கு அனுப்பியபோது நடந்தது இதுதான். தவறான விவரம் அச்சடித்த பொட்டலத்துக்குச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

சரி, முறையாகச் சான்றே வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் முதலில் நிற்க வேண்டியது பட்டாவுக்காக. கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் நிலங்கள் பலவற்றில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. இல்லையென்றால் ஐந்து பங்காளிகளின் கூட்டுப் பட்டா. நில உரிமையைக் காட்டும் சிட்டா, பயிர் விவரத்தைக் காட்டும் அடங்கல் இரண்டிலும் பெயரும், நில வரைபடத்தையும் சேர்த்து மூன்றிலும் சர்வே எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பிறகு நடக்கும் ஆய்வில் ஒரு உட்பிரிவு எண் தவறியிருந்தால்கூடக் கோப்பு திரும்பும். அதனால் விண்ணப்பம் வாங்கப் போவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைச் சரிசெய்துகொள்ளுங்கள். மிளகாய் என்றால் தோட்டக்கலைத் துறையைக் கேள் என்பார்கள். அவர்கள் வேளாண்மைத் துறையைக் காட்டுவார்கள். இரண்டு இடமும் வேண்டாம். மாவட்டத்தின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேராகப் போங்கள்.

‘பத்து வருடமாக உரம் போட்டதே இல்லை, ஏன் காத்திருக்க வேண்டும்?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் எழுத்தில் இல்லாத பத்து வருடத்தை எந்த அலுவலரும் கணக்கில் எடுப்பதில்லை. மிளகாய் போன்ற ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாறுதல் காலம். தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டு. பொதுவாகப் பதிவு செய்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ஆகவே இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி விதை எங்கிருந்து வந்தது, என்ன தெளித்தது, எத்தனை மூட்டை வந்தது என்று தேதியோடு எழுதத் தொடங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடிக்கிறார் என்றால் உங்கள் வரப்போரம் இடைவெளி விட வேண்டும். அதையும் எழுதுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது அடுத்த விஷயம். ஏற்றுமதி வியாபாரிகள் ஊருக்கு வந்து, ‘சான்றுச் செலவு முழுவதும் எங்களுடையது, கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்பார்கள். மிளகாய் விலை சரிந்து கிடக்கும் மாதத்தில் இதைக் கேட்டால் யார்தான் போடமாட்டார்கள்? குழுச் சான்று தனி விவசாயியின் பெயரில் இருக்காது. உழைத்த விவசாயி அதே மிளகாயை வேறொருவரிடம் அங்ககப் பொருளாக விற்க முடியாது. விலை சொல்லும் உரிமை மொத்தமும் சான்றை வைத்திருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சான்று யார் பெயரில்? சந்தை விலைக்கு மேல் எவ்வளவு தருவீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகலைத் தராதவருக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அரசுத் திட்டத்தில் குழுவாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். திட்டப் பணம் நின்றதும் புதுப்பிப்பதை விட்டுவிட்டு, காலாவதியான சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஊரை நான் பார்த்திருக்கிறேன்.

தூளாக்கி விற்பவர்கள் இதைக் கவனியுங்கள். மிளகாய்க்குச் சான்று இருப்பதால் மிளகாய்த்தூளுக்கும் இருப்பதாக ஆகாது. தேசியத் திட்டத்தில் அரைக்கும் ஆலையும் சான்றுக்குள் வர வேண்டும். எல்லோருக்கும் அரைத்துக் கொடுக்கும் மாவு மில்லில் அரைத்தால் தூள் பொட்டலத்தில் அந்தச் சொல் கூடாது. கருப்பட்டிக்கும் இதே கதைதான். அதோடு பனையேறிகளில் பலருக்கு மரமே சொந்தமில்லை, குத்தகைதான். மரத்துக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

கடலில் பிடித்த மீனுக்கும் அதிலிருந்து செய்த கருவாட்டுக்கும் அங்ககச் சான்று கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். உப்பும் அப்படியே, அது வேளாண் விளைபொருளே அல்ல.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு, எந்த மண்ணில் விளைந்தது என்பதற்கான அடையாளம். உரம் போட்டதா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. அந்த முத்திரையைப் போட விரும்பினால் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். 2020இல் அந்தக் கட்டணத்தைப் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று கருப்பட்டி உறையில் போடுகிறார்கள். உடனே எடுத்துவிடுங்கள். பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ‘வீட்டுத் தயாரிப்பு’, ‘சுத்தமானது’ போன்ற சொற்களுக்கும் 2018ஆம் ஆண்டின் விளம்பர ஒழுங்குமுறையில் கட்டுப்பாடு உண்டு.

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். ‘பிறகு வாருங்கள், போட்டுத் தருகிறோம்’ என்றால் வெளியே போகாமல் அங்கேயே நில்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உறையை மட்டும் சான்று கைக்கு வந்த பிறகு அச்சடியுங்கள். அதுவரை ‘சாயல்குடி கருப்பட்டி’ என்று ஊர்ப் பெயரையும், சேர்த்திருக்கும் பொருள்களையும், எடையையும், தயாரித்த தேதியையும், சட்டம் கேட்கும் மற்ற விவரங்களையும் போட்டு விற்கலாம்.